இருபதுக்குப் பதில் ஐந்து

சுவரில் சிவப்பு எண் முப்பத்தொன்றில் நின்றது. இவர்களுடையது நாற்பத்தாறு. உள்ளே இருப்பவரோடு சேர்த்துப் பதினைந்து பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒன்றேகால் மணி நேரம், அதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லை, இங்கே யாரிடம் சொல்வது, உள்ளே போய் டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும், ஆனால் முதல் வார்த்தை எது என்பதையாவது அதற்குள் முடிவு பண்ணிவிட வேண்டும் என்று தவமணி நினைத்தான். 'மேடம், ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்கலாம். ஒரு விஷயமா? ஒன்பது மாதம் செய்த காரியத்தை ஒரு விஷயம் என்று சொல்ல நாக்கு கூசாதா? 'மேடம், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு.' நடந்துபோச்சாம். தானாகக் கால் முளைத்து நடந்ததா? நடத்தினவன் இவன். பக்கத்து நாற்காலியில் பாண்டீஸ்வரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஒரு கைக்குழந்தை தன் சாக்ஸைத் தானே உருவி எறிவதையும் அதன் தாய் எடுத்து மாட்டுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நாலாவது தடவை உருவுது பாருங்க. அந்தம்மாவும் சளைக்கல." அவன் 'உம்' என்றான். அந்த ஃபைலுக்குள் போன வாரத்து ஸ்கேன் இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் தன்னால் வீங்கித் தடித்துப்போகிற நோய் அவளுக்கு, ஜப்பான்காரர் ஒருவரின் பெயரில் வழங்குகிற நோய், சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே ரத்தம் போகிற வழி குறுகும். இடது கைக்குப் போகிற குழாய் முன்பே குறுகிவிட்டது. இப்போது இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய், அதுவும் அதன் வாய். போன வாரம் டாக்டர் மெர்லின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இருபது மில்லிகிராம் ஸ்டீராய்டுலயும் வீக்கம் அடங்கல. வாரத்துக்கு ஒருக்கா போடுற மாத்திரையும் கேக்கல. மருந்துக்கு அடங்கலன்னு எழுத வேண்டியதுதான். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருவோம். ஆனா ஒண்ணு, வீங்கியிருக்கிற குழாய்ல போடுற தையல் எத்தனை நாள் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது." இருபது மில்லிகிராம் என்று அவர் நம்புகிறார். அவள் வயிற்றுக்குள் போனது ஐந்து. அது தெரிந்த ஒரே ஆள் இந்தக் கூடத்தில் நாற்பத்தாறாம் நம்பர் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

அருப்புக்கோட்டையில் பதினாறு வருஷமாக மருந்துக்கடை வைத்திருப்பவன் அவன். டாக்டர் கிறுக்கியதை டாக்டரே மறந்துபோய்க் கேட்டால்கூட வாசித்துச் சொல்வான் என்று பேர். வயதானவர்களுக்கு மாத்திரை குழம்பிவிடும் என்று அட்டையிலிருந்து பிரித்து, சின்னச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலை என்றால் சூரியன், ராத்திரி என்றால் பிறை வரைந்து கொடுப்பான், அதற்காகவே பாளையம்பட்டியிலிருந்துகூட ஆள் வரும். அதே கவர்தான் வீட்டுக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு தரையில் பேப்பர் விரித்து ஒரு வாரத்துக்கானதைப் பிரித்து வைப்பான், பாண்டீஸ்வரி பக்கத்தில் படுத்துக்கொண்டு தூங்கியும் தூங்காமலும் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபதை எடுத்து வைத்துவிட்டுப் பத்தும் ஐந்துமாகப் போட்டான். மறுநாள் காலையில் அவள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணாத்தானே இருக்கும், இது ரெண்டா இருக்கு?" என்றாள். "கம்பெனி மாறிருச்சு" என்றான். அவ்வளவுதான். சட்டைப் பித்தானைப் போட்டபடியே சொன்னான், இருமல்கூட வரவில்லை. அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு முழுங்கிவிட்டாள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி, பதினைந்து, பத்து, ஏழரை, சித்திரை பிறக்கையில் ஐந்து. இறக்கின விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்றைக்கு அதை நினைத்து ஒரு பெருமைகூட இருந்தது, அதைத்தான் இன்றைக்கு நினைக்கவே பொறுக்கவில்லை, திருடினவன் பூட்டை உடைக்காமல் திறந்தேன் என்று பெருமைப்பட்ட மாதிரி. ஒவ்வொரு முறை வரும்போதும் டாக்டர், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று கேட்பார். "ஒரு வேளை தவறினது இல்ல மேடம்" என்பான். அது பொய்யில்லை, ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று வெளியே வந்து பேருந்து ஏறுகிறவரை தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடுவான். ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் வார மாத்திரையைச் சேர்த்தார். அடுத்த முறை அதைக் கூட்டினார். அந்த வார மாத்திரையை மட்டும் ஒரு பொட்டு குறைக்காமல் கொடுத்தான், ஏதோ அதில் நேர்மையாக இருந்தால் இதைச் சமன் செய்துவிடலாம் என்பது போல.

ஏன் செய்தாய் என்று கேட்பார்களே. கேட்காமல் விடுவார்களா? அவள் அழுதாள், அதனால் செய்தேன் என்று சொல்லலாம், அது உண்மைதான். தை மாதம் மகள் லோசனிக்குச் சடங்கு வைத்தார்கள். மண்டப வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ், அதில் மகளுக்கு இடப்பக்கம் இவன், வலப்பக்கம் பாண்டீஸ்வரி, ஐந்து வருஷத்துக்கு முந்தின போட்டோ, ஒடிசலான கன்னமும் எடுப்பான முகவாயுமாக. ஃபிளெக்ஸ் அடிக்கிறவனிடம் அந்தப் போட்டோவைக் கொடுத்தது இவன்தான், அவளிடம் கேட்கவில்லை. ஃபிளெக்ஸுக்குக் கீழேயே அவள் பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்களுக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள், ஸ்டீராய்டால் கன்னம் இரண்டும் உப்பி, கண் இடுங்கி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்து, அட்டிகையை நூல் கட்டி நீட்டிப் போட்டிருந்தாள். வருகிறவர்கள் ஃபிளெக்ஸைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், மறுபடி ஃபிளெக்ஸைப் பார்ப்பார்கள். அவளுடைய சித்தி ஒருத்தி பன்னீரை வாங்கிக்கொண்டு, "ஈசுவரி எங்கத்தா, உள்ளயா இருக்கா?" என்று அவளிடமே கேட்டாள். இவள் சிரித்தாள். "நாந்தான் சித்தி" என்றாள். மகளை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கும்போது இவளைக் காணோம். தேடிப்போனால், சமையல்கட்டுக்குப் பின்னால் அண்டா கழுவுகிற இடத்தில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னைய நிக்கச் சொல்லாதீங்க. அந்தப் புள்ள நாளைக்கு ஆல்பத்தைப் பாத்து இது யாரும்மான்னு கேட்டா நான் என்ன சொல்ல?" ஆமாம், அவள் அழுதாள், அந்த அழுகைக்காகத்தான் செய்தான், அதைச் சொன்னால் டாக்டருக்கே மனசு இளகும், பெண்பிள்ளை அல்லவா, அவருக்கும் தெரியும், முகம் என்றால் என்ன என்று. ஆனால் அன்றைக்கு அதற்கு முன்னால், பந்தி ஆரம்பிக்கும்போது, கையலம்புகிற இடத்தில். வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். எண் முப்பத்தாறு.

"பாண்டீஸ்வரி, முப்பத்தி நாலு வயசு, பிரஷர் பாக்க வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அவள் ஃபைலை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஒரு நொடி நின்று நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள், பிறகு ஒன்றுமில்லை என்பதாக அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தத் தலையசைப்பு அவனுக்காகத்தான், அவன் பயப்படக்கூடாதாம். இங்கே இரண்டு கை, இரண்டு கால், நாலிலும் பிரஷர் பார்ப்பார்கள். அவளுடைய இடது மணிக்கட்டில் நாடி கிடையாது. எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்திருக்கிறான், தூங்கும்போது, பேருந்தில் ஜன்னலோரம் அவள் தோளில் சாய்ந்திருக்கும்போது, மூன்று விரலை வைத்து அழுத்தினால் சும்மா ஒரு வெதுவெதுப்பு, துடிப்பு இல்லை. கல்யாணமான புதிதில் இருந்ததா? யார் பார்த்தது? தலை சுற்றுகிறது, பாத்திரம் தேய்த்தால் கை அசந்துபோகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்த காலத்தில் கடையிலிருந்து பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து இடது கையில் கட்டினான், அட்டையில் இடது கை என்றுதான் படம் போட்டிருந்தது. மெஷின் உறுமிவிட்டுக் கோளாறு என்று காட்டியது. மறுபடி கட்டினான், மறுபடி கோளாறு. மெஷினைத்தான் திட்டினான். சப்ளை செய்கிறவனைக் கூப்பிட்டு, "என்னய்யா ஓட்டை மெஷினக் குடுத்திருக்க" என்று சத்தம் போட்டு மாற்றி வாங்கினான், புதிது அறுபதோ என்னவோ காட்டியது. லோ பிரஷர் என்று எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பைப் போட்டுக் கரைத்துக் காலையும் மாலையும் குடிக்க வைத்தான். வலது கையில் கட்டியிருந்தால் நூற்றெழுபது காட்டியிருக்கும். அதன் மேல் உப்பு. ஒன்றரை வருஷம். அவளும் முகம் சுளிக்காமல் குடித்தாள், "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத மருந்தா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு. அது தெரியாமல் செய்தது, அதற்கு மன்னிப்பு உண்டு, டாக்டரே சொன்னார், பல பேருக்கு இப்படித்தான் பிந்தித் தெரிகிறது என்று. தெரியாமல் செய்ததோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? தெரிந்து ஒன்றைச் செய்து வைத்தானே, தனக்குத் தெரியும் என்கிற திமிரில்.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை, போர்டிகோவில் ஆட்டோக்காரர்கள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஆனி மாதமே அவள் முகம் பழையபடி ஆகத் தொடங்கிவிட்டது. முதலில் கண். இடுங்கிக் கிடந்த கண் ஒரு நாள் காலையில் திறந்துகொண்டது. பிறகு கன்னம். கண்ணாடி முன்னால் நின்று முகவாயைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், "ஏய் லோசனி, இங்க வா, அம்மாவுக்கு நாடி தெரியுதா பாரு" என்று மகளைக் கூப்பிடுவாள். அட்டிகை நூலை அவிழ்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். நோய் இறங்குகிறது என்று நினைத்தாள். நினைக்காமல்? முகம் வீங்கியது நோயால் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள், மருந்தால் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை, அவனும் ஏற்றவில்லை. வீட்டில் மறுபடி பாட்டுச் சத்தம் கேட்டது. சாயங்காலம் கடைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அந்த நாட்களில் அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான், அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அவள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாளாம், முகம் திரும்பினால் நடந்து வருகிறேன் என்று. ஆடி வெள்ளிக்கு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் மட்டும்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. கூடவே நடந்தான். பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில், அவள் நின்றாள். "நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருக்குங்க." கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் போய்விட்டது. மறுபடி நடந்தாள், மறுபடி வந்தது, மறுபடி உட்கார்ந்தாள். கோயில் வரை எட்டுத் தடவை உட்கார்ந்தாள். அவன் எண்ணிக்கொண்டே வந்தான், எண்ணினானே தவிர ஒரு ஆட்டோவை நிறுத்தவில்லை, நிறுத்தினால் சாமி குத்தமாகிவிடும் என்று அவள் சொன்னாள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் வாயு என்று சொல்லி வாயு மாத்திரை கொடுத்தான். இரண்டு மாதம், ஸ்கேன் எடுக்கிறவரை. மாடிப்படி ஏறினால் வருகிற வாயு, குடம் தூக்கினால் வருகிற வாயு. இப்படி வருவது வாயு இல்லை என்று கடைக்கு வருகிற எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறான். தன் வீட்டில் மட்டும் வாயு.

ஸ்கேன் பார்த்த அன்று வீட்டுக்குப் போனதும் பழையபடி இருபதை எடுத்துப் போட்டான். எட்டு நாளாக இருபது. எட்டு நாளில் ஒன்பது மாதத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. யாருக்கும் தெரியாமல் எடுத்ததை யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்கிற பிள்ளைத்தனம். ஆனால் ஃபைலில் எழுதியிருப்பது மாறாதே, மருந்துக்கு அடங்கவில்லை என்று எழுதியிருக்கிறதே, அதை வைத்துத்தானே நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஆபரேஷன் நல்லபடியாகவே முடியலாம். முடிந்தால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், அவள் கடையில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். முடியாவிட்டால்? முடியாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. நோய் கொண்டுபோய்விட்டது என்பார்கள். மருந்துக்கடைக்காரன் எவ்வளவோ பார்த்தான், பாவம், விதி என்பார்கள். கேதத்துக்கு வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், அவன் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது முடியாது. அவள் அழுதாள், அதனால் செய்தேன். இல்லை. பந்தி ஆரம்பிக்கும்போது, கையலம்புகிற இடத்தில், புதிதாக வந்த மருந்துக் கம்பெனி ரெப் ஒருவன் பக்கத்தில் நின்றான், டை கட்டின பையன். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "பன்னீர் தெளிச்சாங்களே, அவங்க உங்க அக்காவா சார்?" என்று கேட்டான். ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான். என் வீட்டுக்காரி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இவன் சொல்லவில்லை. "வாங்க தம்பி, இலை போட்டாச்சு, சாப்பிடலாம்" என்றான். திரும்பினால் ஐந்தடி தூரத்தில் அவள் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டாளா, கேட்கவில்லையா? அதற்குப் பிறகுதான் அண்டா கழுவுகிற இடத்துக்குப் போனாள். பத்து மாதமாக அவன் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாத்திரையைக் குறைத்தது அவள் அழுகைக்காக மட்டும் இல்லை. அந்த முகத்தோடு தெருவில் நடக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இதைச் சொல்லத்தான் முதல் வார்த்தை அகப்படவில்லை.

பாண்டீஸ்வரி வந்து உட்கார்ந்தாள். "இடது கையில இன்னைக்கும் ஒண்ணும் வரல. நர்ஸ் புள்ள புதுசு போல, பயந்துருச்சு. நாந்தான் சொன்னேன், அது அப்படித்தாம்மா, எனக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத வீடுன்னு." சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? காப்பி குடிச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன், இன்னும் நாலு பேர்தான்." வேண்டாம் என்றான். அவள் தணிந்த குரலில், "ஆபரேஷன்ல எதும் ஆச்சுன்னா லோசனிய ஹாஸ்டல்ல விட்றாதீங்க. எங்கம்மா வந்து இருப்பாங்க" என்றாள். "வாய மூடு" என்றான், சத்தமாகவே வந்துவிட்டது, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சரி சரி" என்று அவள் அவன் முழங்கையைத் தட்டினாள். "நீங்க வீட்லயே மருந்துக்காரரா இருக்கவும் நான் இம்புட்டு நாள் ஓட்டுனேன். வேற எவனுக்காச்சும் வாக்கப்பட்டிருந்தா என்னைக்கோ போயிருப்பேன்." அவள் மனசாரத்தான் சொன்னாள், குத்திக்காட்டவில்லை, குத்திக்காட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. எண் நாற்பத்தைந்து. இவளிடம் முதலில் சொல்லிவிடலாமா, இப்போதே, இங்கேயே? வாய் வரை வந்தது. அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, ஃபைலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். நாற்பத்தாறு.

டாக்டர் மெர்லின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தார். "ஆபரேஷன் டாக்டர்கிட்ட பேசிட்டேன். வர்ற வியாழக்கிழமை எடுத்துக்கலாங்கறார். ரிஸ்க் இருக்கு, நான் மறைக்கல. வீக்கம் அடங்காமலேயே பண்றோம். மருந்து தோத்த பிறகு வேற வழியில்ல." ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தான். தேடின முதல் வார்த்தை வரவே இல்லை, நடுவிலிருந்துதான் வந்தது. "மருந்து தோக்கல மேடம். நான் குடுக்கல." டாக்டர் நிமிர்ந்தார். "இருபது குடுக்கல. மாசியிலருந்து குறைச்சிட்டேன். சித்திரையிலருந்து அஞ்சுதான். போன வாரம் ஸ்கேன் பாத்த பிறகுதான் திரும்ப இருபது. இவளுக்குத் தெரியாது. கவர்ல போட்டுக் குடுக்கறது நான். நான்தான்." டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க மருந்து தெரிஞ்ச ஆளுன்னு நம்பித்தானே நான் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியோட விட்டேன்?" என்றார். பிறகு கோபத்தை முழுங்கிக்கொண்டு, எந்த வாரம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார், அவனுக்குத் தேதியோடு எல்லாம் மனப்பாடமாக இருந்தது. ஃபைலில் ஒரு வரியை அடித்தார். போனை எடுத்து, "சார், வியாழக்கிழமை வேண்டாம். மருந்து தோக்கல, மருந்தே உள்ள போகல. முழு அளவு குடுத்துப் பாத்துட்டுத்தான் மத்தது" என்றார். பிறகு பாண்டீஸ்வரியைப் பார்த்து, "இன்னைக்கே அட்மிட் ஆயிருங்கம்மா. வீக்கத்த மொதல்ல அடக்கணும். அடங்கினா அடைப்பு கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம், குடுக்காமலும் போகலாம். அப்படியே ஆபரேஷன் வேணும்னாலும், அடங்கின பிறகு பண்ணினா தையல் நிக்கும். இப்ப நம்மகிட்ட ஒரு வழி இருக்கு" என்றார்.

ஒரு வழி இருக்கிறது. தவமணி டாக்டர் முன்னால் வைத்தே அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பாண்டீஸ்வரி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை மாசம்?" என்றாள். "ஒம்பது." விரலை மடக்கி எண்ணுகிறவள் போல ஏதோ உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "எதுக்கு?" "மூஞ்சி வீங்குச்சுல்ல, நீ அழுதியே, அதான்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் காத்திருந்தாள். "எனக்கும் கூச்சமா இருந்துச்சு" என்றான். அவள் தலையை ஆட்டினாள், முன்பே தெரிந்ததை இன்னொருவர் சொல்லக் கேட்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது, அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேஜையில் கிடந்த கையெழுத்துப் போடாத தாளை அவளே எடுத்து டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் அவனிடம். கல்யாணமான பதினான்கு வருஷத்தில், இரண்டரை வருஷ ஆஸ்பத்திரி அலைச்சலில், அவள் ஒரு தடவைகூட அவனை வெளியே இருக்கச் சொன்னதில்லை. எழுந்தான். நாற்காலியைச் சத்தம் வராமல் தள்ளினான். கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னால் அவள் குரல் கேட்டது, தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல். "மேடம், மாசியிலருந்து நான் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா, இந்த நெஞ்சடைப்பு எனக்கு வந்திருக்காதா?" அவன் நின்றான். டாக்டர் அவன் வெளியே போகட்டும் என்று காத்திருந்தார். அவன் போய்க் கதவைச் சாத்தினான்.